நட்சத்திரத்துக்குள் ஓர் ஆன்டெனா

அந்த ஆன்டெனா என்னுடையது.

ஆரோக்கியராஜ் அண்ணனுடையது அல்ல. அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த மன்னிப்புக் கடிதமும் என்னுடையதுதான். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நான் எழுதியது. ஒருவனுடைய குற்றத்துக்கு இன்னொருவன் பெயரில் ஒப்புதல் வாக்குமூலம் எழுத முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். நான் எழுதினேன். ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் என்னுடையதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்...

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில், மூன்று மாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வீடு. மனைவி கவிதா, ஒரு மகள். எங்கள் தலைக்கு மேலே மொட்டை மாடி. கீழ்த்தளத்தில் ஆரோக்கியராஜ் அண்ணன், ஸ்டெல்லா அக்கா, அவர்கள் மகள் ஜெனிபர். அண்ணன் பிட்டர்; இரும்பை அறுத்து, ராவி, பொருத்துகிற வேலை. ஆவடியில் ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குள் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பத்தொன்பது வருடம் போய்வந்தவர். புகைப்படம் ஒட்டிய நுழைவு அட்டை கழுத்தில் தொங்கும். அதைக் கழற்றாமலேயே கடைக்கும் போவார், கோயிலுக்கும் போவார். "இது இல்லாங்காட்டி என்னிய எனக்கே அடையாளம் தெரியாது நைனா" என்பார். அன்று சிரித்தேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஒட்டுக்கேட்பது.

தவறாக நினைக்காதீர்கள். அல்லது நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன! மடிக்கணினியில் செருகும் விரல் நீளக் கருவி ஒன்று இருக்கிறது. அதோடு சரியான ஆன்டெனாவை இணைத்தால் காற்றில் போகிற வருகிற பேச்செல்லாம் காதுக்கு வரும். கேட்பதற்கும் உரிமம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உரிமத் தேர்வுக்கான படிவத்தைப் பாதி நிரப்பி அலமாரியில் வைத்திருந்தேன். மீதிப் பாதியை நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவேயில்லை.

விமானம், கப்பல், வானிலைப் படம்... எல்லாம் கேட்டு அலுத்தபின் ராணுவச் செயற்கைக்கோள்களைப் பற்றிப் படித்தேன். வேற்று நாட்டார் எப்போதோ ஏவிய பழைய கோள்கள் சில, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. கீழிருந்து யார் எதைப் பேசி அனுப்பினாலும், யார் நீ என்று கேட்காமல் திருப்பி அனுப்பிவிடும். பட்டாளத்துப் பேச்சு பூட்டுப் போட்டது. நமக்கு வெறும் இரைச்சல். ஆனால் ஊர் பேர் தெரியாத யாரோ அதன் வழியே திருட்டுத்தனமாகப் பேசிக்கொள்கிறார்களாம். அதைக் கேட்க வேண்டும் என்று வெறி பிடித்துக்கொண்டது.

ஏன் என்று கேட்கிறீர்களா? அலுவலகத்தில் நாள் முழுக்க என்னைத் தவிர யாரும் அவசியப்படாத கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தேன். அல்லது நான் கொஞ்சமும் அவசியப்படாத கூட்டங்களில். எனக்குச் சொல்லப்படாத ஒரு பேச்சு வேண்டியிருந்தது. இது காரணமா? தெரியவில்லை. சாக்காகவும் இருக்கலாம்.

ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு மாதம் போனது. தட்டு ஆன்டெனா அந்த அலைவரிசைக்கு ஆகாது. ஆக வேண்டுமென்றால் மொட்டை மாடி அளவு தட்டு வேண்டும். சுருள் ஆன்டெனா நன்றாகக் கேட்கும், ஆனால் ஆள் உயரத்துக்கு நிற்கும், தெருமுனையிலிருந்தே தெரியும். கடைசியில் மிஞ்சியது சிலுவைக் கம்பி ஆன்டெனா. மார்பளவு உயரத் தண்டு ஒன்று, அதில் சில இடங்களில் கூட்டல் குறி போட்டாற்போல் இரண்டடிக் கம்பிகள். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அந்தக் கோள் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. தண்டை வானத்தைப் பார்த்து நிறுத்திச் சற்றே சாய்த்தால் போதும்.

எல்லாம் சரி. எங்கே வைப்பது? குடியிருப்புச் சங்கத்துக்கு மொட்டை மாடி மீது கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு உள்ள அத்தனை ஆசாரமும் உண்டு. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி தவிர எதுவும் கூடாது. போதாக்குறைக்குச் சுற்றிலும் ராணுவ வேலிகள் இருக்கும் ஊர். வெறும் கம்பி நின்றால் நாலு பேர் கேட்பார்கள்.

சங்கம் அனுமதித்த ஒரே விதிவிலக்கு, டிசம்பரில் ஆரோக்கியராஜ் அண்ணன் ஏற்றும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆம்... அதைத்தான் செய்தேன்!

முந்தைய வருடம் புயல் காற்றில் அவருடைய மூங்கில் நட்சத்திரம் ஒடிந்து விழுந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். இந்த வருடம் உள்ளே அலுமினியக் கம்பியில் எலும்புக்கூடு செய்து, வெளியே மூங்கில் பிளாச்சு கட்டிக் காகிதம் ஒட்டலாம், பல்புக்கு மின்சாரம் என் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். இந்து வீட்டுத் தம்பி நம் நட்சத்திரத்துக்கு இவ்வளவு செய்கிறானே என்று ஸ்டெல்லா அக்கா கண்கலங்கினார். பல்பு ஒயரோடு சேர்த்து ஆன்டெனாவின் கறுப்பு ஒயரையும் குளியலறை வென்டிலேட்டர் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்!

கம்பிகளை அறுத்துக் கொடுத்தவர் அண்ணன். ஞாயிறு பூசை முடிந்து வந்து, வாசலில் கம்பியைக் கவ்வும் வைஸைப் பொருத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, அளந்து, மறுபடி ராவினார். நான் கொடுத்த அளவுகள் மில்லிமீட்டரில் இருந்தன.

"ஸ்டாருக்கு இன்னாத்துக்கு தம்பி மில்லிமீட்டரு?" என்று கேட்டார்.

காற்றுக்குச் சமநிலை வேண்டும் என்றேன். அவர் அளவுத் தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, படித்த பிள்ளை சொன்னால் சரிதான் என்று குனிந்து ராவத் தொடங்கினார். இரும்போடு பத்தொன்பது வருடம் பழகிய கை அது. நான் கேட்ட அளவுக்கு ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனை நல்ல ஆன்டெனா எனக்கு அதற்கு முன்னும் அமைந்ததில்லை, பின்னும் அமையப்போவதில்லை.

நட்சத்திரம் தெருவைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து மல்லாந்திருந்தது. யார் கேட்டாலும் அண்ணனே பதில் சொல்லிவிடுவார்: "மேலேர்ந்து வந்த ஸ்டாரு, மேலத்தான பாக்கும்!"

கேட்டேன். அவர்கள் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில், குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். மணல் கொட்டுவது மாதிரி இரைச்சல்... பிறகு திடீரென்று ஒரு மனிதக் குரல். எந்த மொழியோ, எந்தக் கடலோரமோ. அவன் ஏதோ சொல்கிறான், இன்னொருவன் சிரிக்கிறான், பின்னால் பாத்திரம் உருளுகிறது. பாத்திரம்! வானத்தில் அத்தனை தொலைவு போய், ஒரு ராணுவத்தின் காதுக்குள் புகுந்து, பருத்திப்பட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தச் சத்தம். எனக்கு அழுகை வந்தது. கவிதா வந்து பார்த்துவிட்டு, தோசை ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவளையும் இதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கிறிஸ்தவ வழக்கத்தில் மூன்று ராஜாக்கள் திருநாளோடு நட்சத்திரத்தை இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு நாள் தொங்கினாலும் கோயிலில் பங்கு மக்கள் பேசுவார்கள். ஜனவரி முதல் வாரத்தில் அண்ணன் ஏணியோடு மேலே வந்தபோது நான் வழிமறித்தேன். நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள், நானே இறக்கிவிடுகிறேன் என்றேன். அவர் நம்பி இறங்கிப் போனார். நான் இறக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு காலை, இன்னும் ஒரே ஒரு குரல்... பொங்கலும் போயிற்று. அண்ணன் இரண்டு முறை நினைவூட்டினார். கோயிலில் யாரோ கேலி செய்ததாகவும் சொன்னார். இந்த வாரம் இறக்கிவிடுகிறேன் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

காகிதம் பனியில் ஊறியது. காகம் கொத்தியது. ஒருநாள் காலையில் பார்த்தால் நட்சத்திரம் இல்லை. வானத்தைக் குறிபார்த்தபடி சிலுவைக் கம்பிகள் மட்டும் நின்றன. குடியரசு தினத்துக்கு முந்தைய வாரம். பக்கத்துக் கட்டடத்திலிருந்து யாரோ படம் எடுத்து எங்கோ அனுப்பிவிட்டார்கள்.

சாதாரண உடையில் அதிகாரிகள் இருவர் வந்தபோது நண்பகல். சங்கச் செயலாளரின் குரல் படிக்கட்டில் கேட்டதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? குளியலறைக்கு ஓடி, கறுப்பு ஒயரை வெட்டி, வென்டிலேட்டருக்கு வெளியே தள்ளினேன். கை நடுங்கவேயில்லை. பிறகுதான் மேலே போனேன்.

செயலாளர் மறைக்க எதுவுமில்லாத குரலில், இது கீழ்வீட்டு ஆரோக்கியராஜின் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், வருடாவருடம் வைப்பார் என்றார். அண்ணனை அழைத்துவந்தார்கள். கழுத்தில் அட்டையோடு வந்தார். வந்தவர்களில் ஒருவர் அந்த அட்டையைத்தான் முதலில் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பிறகு பார்த்தார்.

"ஸ்டாரு என்னுதுதான் சார்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்த பார்வை அது.

அதிகாரியும் திரும்பினார். மேல்தளத்தில் இருப்பவன் நான்தானே, இதைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாது சார். ஸ்டார்னுதான் நெனச்சேன்."

அவ்வளவுதான். ஐந்து சொற்கள்கூட இல்லை. அண்ணனின் முகத்தில் அப்போது என்ன இருந்தது? நான் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பிகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். மறுநாள் தொழிற்சாலை வாசலில் அண்ணனின் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது. எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

அன்று மாலை கவிதாவிடம், போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். உண்மையாகவே செருப்பை மாட்டினேன்.

"அவருக்கு அட்டைதாங்க போகும். நீங்க சொன்னா உங்கள உள்ள வைப்பாங்க. நமக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றாள்.

அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றினேன்.

பழியை அவள்மேல் போடுகிறேன் என்று நினைக்கிறீர்களா? அவள் ஒரு சொல் சொன்னாள். அதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன். தடுக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் நான் எப்போதும் வீரன்.

சற்று நேரத்தில் அழைப்புமணி அடித்தது. ஸ்டெல்லா அக்காவும் அண்ணனும். கையில் வெள்ளைத்தாள். விளக்கம் இங்கிலீஷில் இருந்தால் மதிப்பார்கள், தம்பிதான் எழுதித் தர வேண்டும் என்றார் அக்கா. என் வீட்டு மேசையில், என் பேனாவால்...

எழுதினேன். அந்தக் கம்பிச் சட்டத்தை அலங்காரத்துக்காக அறியாமையால் செய்தேன், பொறுத்தருள வேண்டும் என்று எழுதினேன். முடித்திருக்கலாம். இன்னொரு வரி சேர்த்தேன்: "இதை நான் ஒருவனே செய்தேன், வேறு எவருக்கும் இதில் பங்கு இல்லை." என்னைக் காப்பாற்ற அந்த வரி போதும் என்று கை தானாகவே கண்டுபிடித்தது.

அண்ணன் படித்துச் சொல்லச் சொன்னார். எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் வாசிப்பார், ஆனால் கடிதம் வாசிக்கும் அளவுக்கு இல்லை. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அந்த வரி வந்தபோது... என் கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிற்று. நாக்கும் கூடவே போயிற்று. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"ஒத்துக்கிட்டா விட்ருவாங்களா தம்பி?" என்றார் அக்கா.

"ஒத்துக்கிட்டா விட்ருவாங்கக்கா" என்றேன்.

அண்ணன் கையெழுத்திட்டார். தமிழில், கோணல் இல்லாமல், கம்பி அறுத்த அதே நிதானத்தோடு.

விடவில்லை. நட்சத்திரத்துக்கு மில்லிமீட்டர் சுத்தமாக ஆன்டெனா செய்து, அதைத் தனியாகவே செய்தேன் என்று எழுதிக் கொடுக்கிற பிட்டரை யார் மறுபடி ராணுவத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள்? வழக்கு எதுவும் போடவில்லை. அட்டை மட்டும் திரும்பி வரவில்லை. வெயில் தொடங்கியபோது ஒப்பந்ததாரர் கூப்பிட்டு, உன் ஸ்பானர்ப் பெட்டியை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். இப்போது திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறைக்குப் போகிறார். பேருந்து மாறிப் போகிற தூரம். காலையில் படியிறங்கும்போது சில நாள் எதிர்ப்படுவார். கை பழக்கத்தில் கழுத்துப்பக்கம் போகும். ஒன்றும் இல்லாமல் சட்டைப் பொத்தானைத் தடவிவிட்டு இறங்கும்.

என்னிடம் முகம் சுளித்ததே இல்லை. அதுதான் வேதனை! ஒருநாள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஈஸ்டருக்குக் கேக், என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி... அக்கா அனுப்பும் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று கவிதா எதையாவது போட்டு அனுப்புவாள். கிண்ணங்கள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விடலாம் என்று கவிதா சொல்கிறாள். போனால் ஏன் போனான் என்று யாராவது யோசிப்பார்கள். இருந்தால் படிக்கட்டில் அவர் எதிர்ப்படுகிறார். சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாது என்பதுதான் என்னை நெரிக்கிறது. அந்த விரல் நீளக் கருவியை ஏரியில் வீச எத்தனையோ மாலை போயிருக்கிறேன். கரையில் நடைபயிலும் கூட்டம் இருக்கும். யாராவது வணக்கம் சொல்வார்கள். நானும் இரண்டு சுற்று நடந்துவிட்டு அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவேன். பழைய மழைக்கோட்டின் பையில் இருக்கிறது.

போன வருடம் அவர் நட்சத்திரம் ஏற்றவில்லை. இந்த டிசம்பரில் ஏற்றினார்.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே கதவைத் தட்டினார். ஏணி பிடிக்க ஆள் வேண்டும் என்றார். போனேன். மூங்கில் நட்சத்திரம்; ஒரு கம்பி கிடையாது. தெருவைப் பார்த்துக் கட்டினார். மேலே ஏறி முடிச்சுப் போட்டபடியே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"லெட்டர்ல ஒரு வரி வுட்டுட்டு படிச்ச தம்பி நீ."

ஏணியைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்தேன்.

"எப்ப தெரியும்ணே?"

"அன்னிக்கே. குடுக்கறதுக்கு மின்னாடி ஜெனிபர் படிச்சுக் காட்னா."

கொடுப்பதற்கு முன்னால்! தெரிந்துதான் கொடுத்திருக்கிறார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேனா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. அவரே சொன்னார்.

"நீதான சொன்ன, ஒத்துக்கினா வுட்ருவாங்கன்னு. படிச்சவன், எதுனா காரணமாத்தான் எழுதிகீறான்னு நெனச்சேன்."

அதில் கோபமில்லை. குத்தலும் இல்லை. கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏணி ஆடுகிறது, கெட்டியாகப் பிடி என்றார்.

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். மேலே அவர், கீழே நான், நடுவில் எட்டுப் படி. கேட்க வேறு யாரும் இல்லை. அண்ணே, அந்த ஆன்டெனா என்னுடையது... இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அப்படியும் வாய் வரவில்லை.

"புடிச்சிருக்கேண்ணே" என்றேன்.

அவர் இறங்கி, ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார். நான் மேலேயே நின்றேன். பல்பு எரிந்தது. இந்த முறை ஒயர் அவர் வீட்டிலிருந்து வந்திருந்தது.

மறுநாள் இதை எழுதத் தொடங்கினேன். நடந்தது நடந்தபடி, எந்த வரியையும் தாண்டாமல் எழுத வேண்டும் என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். கவிதாவின் பெயர் இருக்கிறது, ஜெனிபரின் பெயர் இருக்கிறது, அண்ணன் பெயர் இரண்டாம் பத்தியிலேயே இருக்கிறது. அந்தக் கடிதத்தின் அடியில் அவருடைய கையெழுத்து எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது.

திரும்பப் படித்துப் பார்க்கிறேன். என் பெயரை எங்கும் எழுதவில்லை. எழுத இப்போதும் இடமிருக்கிறது. தாளின் அடியில் கால் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. பேனாவை மூடிவிட்டேன்.